தெஹியோவிட்டவில் வயது கேட்கப் போனேன்

முப்பது வருடம் கிழவர் கிழவிகளை ஆராய்ச்சி செய்து நான் சம்பாதித்தது ஒரு பேராசிரியர் பதவியும் இரண்டு முழங்காலிலும் மூட்டுவலியும். பதவி ஐம்பத்தெட்டு வயதில் போய்விடும். மூட்டுவலி கடைசிவரைக்கும் கூட வரும்.

மதுரையில் நான் பாடம் எடுத்த மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத் துறை என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறை சவக்கிடங்குக்கு அடுத்த கதவு. 'உங்க நோயாளிகளுக்கு அலைச்சல் இல்ல பாருங்க மேடம்' என்று ஒரு டீன் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மாணவர்களுக்கு இதயம் வேண்டும், மூளை வேண்டும், குறைந்தபட்சம் எலும்பாவது வேண்டும். வயதான உடம்பு மட்டும் யாருக்கும் வேண்டாம். என் வகுப்பில் உட்காருகிறவர்கள் வருகைப் பதிவு குறைந்துபோனவர்கள்தான்.

இப்படி இருக்கையில் 2003-இல் நில்மினியிடமிருந்து கடிதம் வந்தது. நில்மினி இலங்கையில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற சிங்களத்தி, ஒரு மாநாட்டில் என் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் தூங்கியவள். அந்த உரிமையில் பழக்கமானோம். ரப்பர் தோட்டங்களில் இருக்கும் தமிழ் முதியவர்களின் ஞாபகசக்தியை அளக்க வேண்டும், என்னிடம் சிங்களச் சோதனைதான் இருக்கிறது, உன் தமிழ்ச் சோதனையை எடுத்துக்கொண்டு வா, வருகிறபோது என் மாணவர்களுக்கும் நாலு வார்த்தை சொல்லிக்கொடு என்று எழுதியிருந்தாள். சண்டை நிறுத்தம் இருந்த நேரம். வீட்டில் சொன்னேன். என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமலே, 'நம்ம ஊர்ல கெழவங்க தீந்து போயிட்டாங்களா?' என்று கேட்டார். நான் பெட்டியைக் கட்டினேன்.

நில்மினியையும் அவள் மாணவர்களையும் என்னையும் தங்கவைத்த இடம் கித்துல்கலவில் ஆற்றோரம் ஒரு விடுதி. அங்கே வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து ரப்பர் படகில் ஏறி ஆற்றில் விழுகிறார்கள். விழுந்தபின் கைதட்டிக்கொள்கிறார்கள். காலையில் தேங்காய் ரொட்டியும் மிளகாயை இடித்த கட்டச் சம்பலும் வைத்தார்கள். காரம் என்றால் மதுரைக்காரியிடம் காட்டுகிறீர்களா என்று ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பரிமாறிய பையன் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தான்.

விடுதியிலிருந்து தோட்டத்துக்குப் பஸ். எங்கள் ஊர் மினிபஸ்ஸைத் திட்டியதற்கெல்லாம் அன்று மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். கரவனெல்ல தாண்டி ஒரு வளைவில் நான் பக்கத்திலிருந்த புத்த பிக்குவின் மடியில் போய் உட்காரப் பார்த்தேன். பெண்கள் பிக்குவைத் தொடவே கூடாதாம். பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசி நொடியில் ஒரு மீன்காரரின் கூடை என்னைத் தடுத்து ஆட்கொண்டது. அன்று முழுவதும் என் சேலையில் நெத்தலி வாசம்.

தெஹியோவிட்டவில் இறங்கி, ஒரு முஸ்லிம் கடையில் தேத்தண்ணியும் மாலுபாணும். மாலுபாண் என்பது மீன் வைத்த பன், மூன்று மூலையாக இருக்கும். கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, நீங்கள் டிவியில் வருகிறவர்கள் மாதிரியே பேசுகிறீர்கள் என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து த்ரீவீலர் மேலே ஏறியது, முக்கால்வாசித் தூரம். மீதிக் கால்வாசியை நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். ரப்பர் தோட்டம் தேயிலைத் தோட்டம் மாதிரி படம் எடுக்கத் தோதான இடம் இல்லை. வரிசை வரிசையாக மரம், மரத்துக்கு மரம் சாய்வாக ஒரு வெட்டு, அதற்குக் கீழே கட்டின சிரட்டை, சிரட்டையில் வெள்ளையாகப் பால், கீழே ஈரச் சருகு, சருகுக்குள் அட்டை. அட்டைகளுக்கு இந்திய ரத்தம் பிடித்திருந்தது.

சோதனைக்குப் பிள்ளைக் காம்பராவைக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. சுவரில் வாத்துப் படம், முழங்கால் உயரத்துக்கு நாற்காலிகள். அந்த நாற்காலிகளில் எழுபது வயதுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒன்றில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு மாணவர்கள் தேவைப்பட்டார்கள்.

என் சோதனையில் முப்பது கேள்வி. மதுரையில் ஆயிரம் தடவை கேட்டது. ஆனால் கேள்விகளுக்கு என்னைப் போலவே வெளியூர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று என்ன கிழமை என்றால், மழை விட்டு மூணாம் நாள் என்றார் ஒருவர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, ஆகவே தோட்டத்தில் அதுதான் காலண்டர். இந்த நாட்டை யார் ஆள்கிறார் என்று இன்னொரு பெரியவரிடம் கேட்டேன். ஜனாதிபதி ஒரு கட்சி, பிரதமர் இன்னொரு கட்சி, இருவரும் முகம் கொடுத்துப் பேசாத காலம். பெரியவர் யோசித்துவிட்டு, 'அது அவங்களுக்கே தெரியாதுங்களே' என்றார். முழு மதிப்பெண் போட்டேன்.

சோதனைக்கு முன்னால் நான் ஒரு வாக்குறுதியை வாசிக்க வேண்டும். எங்கள் கல்லூரியின் அறநெறிக் குழு மூன்று கூட்டம் போட்டு, முந்திரி பக்கோடா சாப்பிட்டு எழுதிய வாக்குறுதி. 'இங்கே நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது. எதையும் மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.' தோட்டத்துக்கு ஏற்ற மாதிரி, 'ஆபீசுக்கும் போகாது' என்று நானே சேர்த்துக்கொண்டேன். என் வாய்க்கு அது ஒரு பழக்கம், இல்லாததையும் சேர்த்துச் சொல்லும்.

இரண்டாம் நாள் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக ஒரு பெண்ணை அழைத்தேன். பட்டியலில் பெயர் மீனாட்சி, வயது அடுத்த மாதம் அறுபது. எங்கள் ஊர்ப் பெயராயிற்றே என்று எனக்கு ஒரு தனிப் பிரியம். பால் வெட்டுகிறவர். தலைக்கு நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரி, சலவைச் சேலை கட்டி வந்திருந்தார். வாக்குறுதியை வாசித்தேன். அவர் கூர்ந்து கேட்டார்.

'ஆபீசுக்குப் போகாதுங்களா?'

போகவே போகாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். பிறகு முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார், சுவரில் இருந்த வாத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, 'எந்தப் பேருங்க கேக்குறீங்க?' என்றார்.

வயதைக் கேட்டேன். 'எந்த வயசுங்க?'

நான் மாணவர்கள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், நாடகத்தில் வருகிற டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தன் பெயரே தடுமாறுகிறது, கவனியுங்கள், இது முற்றிய மறதி நோய். மீதிக் கேள்விகளைக் கேட்டேன். என்ன பதில் வந்தது என்பதை ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. முடிவு தெரிந்த வழக்கில் சாட்சி எதற்கு?

சாயங்காலம் தோட்டத்து நலன்புரி அலுவலர் வந்தார். நல்ல மனிதர். ரொம்ப மோசமாக இருப்பவர்களின் பெயரைக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான்கு பேரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மீனாட்சி என்ற பெயருக்கு எதிரே, 'தன் பெயரும் வயதும் நினைவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். வாக்குறுதி கொடுத்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. உதவி செய்கிறோம் என்ற நினைப்பு ஏறிவிட்டால் புத்தி இறங்கிவிடும் போலிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ரிஸ்னா பக்கத்தில் வந்து நின்றாள். நில்மினியின் மாணவி, மாவனெல்லைப் பக்கத்து முஸ்லிம் பெண், குழுவில் என்னைத் தவிர தமிழ் தெரிந்த ஒரே ஆள். மேடம், ஒரு சந்தேகம் என்றாள். மறதி நோயில் சொந்தப் பெயர்தான் கடைசியாகப் போகும் என்று நேற்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தம்மா நீங்கள் நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொல்லையும் திருப்பிச் சொன்னார், இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தார், ஒன்றும் தப்பவில்லை. மற்றதெல்லாம் இருக்கும்போது பெயர் மட்டும் எப்படிப் போகும்?

கேஸ் பார்க்கப் பார்க்க உனக்கே புரியும் என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லா நாட்டிலும் சொல்கிற பதில் அது. ரிஸ்னா தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நம்பவில்லை என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

மறுநாள் பிள்ளைக் காம்பரா வாசலில் மீனாட்சி எங்களுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற உடை, இடுப்பில் சாக்கு, கையில் மட்டும் ஒன்றும் இல்லை. காலைப் பெரட்டில், அதாவது விடிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் அவரிடமிருந்து பால் வெட்டும் கத்தியை வாங்கிவிட்டார்களாம். புத்தி பிசகின ஆள் கையில் கத்தி இருக்கக் கூடாது என்று தொரையின் உத்தரவு. தோட்ட மேலாளரை அங்கே தொரை என்பார்கள். மாதக் கடைசியில் பதிவுப் புத்தகத்திலிருந்து பெயரையும் வெட்டிவிடுவார்கள்.

'ஆபீசுக்குப் போகாதுன்னு சொன்னீங்களே டொக்டரம்மா' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் கூனிக் குறுகிப்போனேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். ரிஸ்னா மட்டும் கூட இருந்தாள். அவர் முதலில் வீட்டு நிலையைச் சொன்னார். வீட்டுக்காரர் பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. மகன் கொழும்பில் கடையில் வேலை. தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பது இவர் ஒருவருக்குத்தான். அந்தப் பெயர் போனால் லயத்துக் காம்பராவை, தோட்டம் கொடுத்த வரிசைவீட்டு அறையை, திருப்பிக் கேட்பார்கள். கை கால் வராத மனுசனை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அறுபது முடிந்தாலும் திடமாக இருந்தால் தொரை ஒவ்வொரு வருடமாக நீட்டிக் கொடுப்பார், இந்தியாவிலிருந்து டொக்டர் வந்து திடத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துத்தான் தலைவாரிக்கொண்டு வந்திருக்கிறார்.

'அப்புறம் பேரைக் கேட்டதும் ஏன் முழிச்சீங்க?' என்று கேட்டேன்.

'உண்மையச் சொல்லச் சொன்னீங்க. அதான்.'

மீனாட்சி அவருடைய அக்கா. அக்கா பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது இவருக்கு ஆறு. அக்காவின் சாவை யாரும் பதியவில்லை, பிறப்புப் பத்திரத்தை மட்டும் அப்பா பத்திரமாக வைத்துக்கொண்டார். இவருக்குப் பன்னிரண்டு ஆனதும் அந்தப் பத்திரத்தைக் காட்டி, பதினெட்டு வயது முழு ஆள் என்று தோட்டத்தில் பெயர் பதிந்துவிட்டார். வீட்டில் ஏழு வாய், சம்பாதிக்க இரண்டு கை. அன்றிலிருந்து இவர் மீனாட்சி. அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, மகனின் பிறப்புப் பத்திரம், எல்லாவற்றிலும் மீனாட்சி. இப்படி நிறையப் பேர் இருக்கிறார்களாம். பக்கத்து லயத்தில் ஒருவர் அண்ணன் பெயரில் இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டு, இன்னும் மரம் ஏறிப் பலா பறிக்கிறார்.

'எம் பேரு லெச்சுமிங்க. அம்பத்தி நாலு.'

அடப்பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டு பெயரையும் இரண்டு வயதையும் நாற்பத்திரண்டு வருடம் ஒன்றோடொன்று இடிக்காமல் தலையில் சுமந்தவரை, மறதிக்காரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிஸ்னா என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை. 'நீ சொன்னதுதான் சரி' என்று அவளிடம் சத்தமாகச் சொன்னேன். முப்பது வருட ஆசிரிய வாழ்க்கையில் அதை மாணவர்களிடம் சொன்னது எத்தனை தடவை என்று எண்ண ஒரு கை தாராளம்.

என் தாளைத் திரும்ப வாங்கிவிடுவேன், அது தப்பு என்று எழுதிக் கொடுப்பேன், ஆனால் அடுத்த மாதம் அறுபது என்பதை நான் மாற்ற முடியாது, உங்கள் ரகசியத்தை வெளியே சொல்லவும் மாட்டேன் என்றேன். லெச்சுமி எழுந்து லயத்துக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அடியில் அவருடைய சொந்தப் பிறப்புப் பத்திரம், பூச்சி அரித்து, ஆனால் எழுத்து தெரிகிற மாதிரி. தொரையிடம் போகலாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

பங்களாவில் தொரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுச் சிங்களவர், காலடியில் கொழுத்த நாய். நான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் என் தவறை ஒப்புக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு மறதி இல்லை, எனக்குத்தான் புத்தி இல்லை என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். அப்புறம் லெச்சுமி சிங்களத்தில் ஆரம்பித்தார். தண்ணீர் மாதிரிச் சிங்களம். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, ரிஸ்னா காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மீனாட்சி செத்து நாற்பத்தெட்டு வருசம் ஆகிறது, செத்தவளை வேலையிலிருந்து நிப்பாட்டுங்கள், நான் உயிரோடுதான் இருக்கிறேன், எனக்குப் புதிதாகப் பெயர் பதியுங்கள் என்கிறார்.

தொரை கரண்டியைக் கீழே வைத்தார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து, தலையைச் சொறிந்து, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், தொரைமாருக்கு மட்டும்தான் தெரியாது என்றார். தொரைக்கு முகம் சிவந்தது. ஆனால் தோட்டத்தில் பாதி மரம் பால் வெட்ட ஆளில்லாமல் நிற்கிறது, இளவட்டமெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டது, அது அவருக்கும் தெரியும். பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் திரும்பி, உடம்பைச் சோதித்து ஐம்பத்து நாலா அறுபதா என்று ஒரு சான்றிதழ் கொடுங்கள், எனக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் என்றார்.

அது முடியாது என்றேன். இந்த வயதில் பல்லைப் பார்த்தோ எலும்பைப் பார்த்தோ ஆறு வருட வித்தியாசத்தைச் சொல்ல உலகத்தில் எந்த டாக்டராலும் முடியாது.

'அப்படியென்றால் நீங்கள் எதில் பேராசிரியர்?'

நியாயமான கேள்வி. எங்கள் டீன்கூட அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. வேலைக்குத் திடமானவர், ஞாபகம் முழுமையாக இருக்கிறது, வயது அவர் சொல்வதும் பத்திரத்தில் இருப்பதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொரை பெருமூச்சு விட்டார். மாதக் கடைசிவரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இப்போதே செய்துவிடலாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். மீனாட்சியை நிறுத்திவிடு, லெச்சுமியைப் பதி, காம்பரா லெச்சுமி பெயருக்கு மாறட்டும், அடையாள அட்டைக்குப் புதிதாக எழுதிப் போடட்டும். நாய் எழுந்து போய் வேறு இடத்தில் படுத்தது.

திங்கட்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் பெரட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடித்து, அரைத்தூக்கத்தில் நில்மினியையும் ரிஸ்னாவையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மழை இல்லை. ஆட்கள் வாளியும் கத்தியுமாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசியில் லெச்சுமி என்றார்.

பதில் இல்லை. லெச்சுமி மற்றவர்களைப் போலவே, யாரது என்று பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற பெண் விலாவில் இடித்தாள். புது ஆள் முதல் நாளே தூக்கமா என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், ஏதோ நானே சாதித்த மாதிரி.

கத்தியை வாங்கியவர் நகரவில்லை. கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

'அக்கா பேர வெட்டிட்டீங்களா?'

வெட்டியாச்சு, பாரு என்று அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் ஒரு கோடு. லெச்சுமி அதைப் பார்த்தார். பிறகு அப்படியே பெரட்டுக்களத்துத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் பக்கத்தில் குந்தினேன், மூட்டு உயிர் போனது.

'நாந்தானுங்க இத்தன வருசமா அவள உசுரோட வச்சிருந்தேன்' என்றார்.

நானும் அழுதேன், கொஞ்சமாக இல்லை, மூக்கு ஒழுக. ரிஸ்னா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைக்குட்டையைக் கொடுத்தாள். வெயில் ஏறினால் மரம் பால் விடாது என்று கணக்கப்பிள்ளை மெதுவாக நினைவுபடுத்தினார். லெச்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, தன் மரங்களைப் பார்க்கப் போனார்.